வாளித் தீர்ப்பு

கீழே வருவதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. குறைத்துச் சொன்னது மட்டும் சில இடங்களில் உண்டு. யாராவது சாப்பிட்டுக்கொண்டே படிக்கக்கூடும் என்ற இரக்கத்தால் செய்தது அது. நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். உண்மைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அலுவலகத்தில் அவரைக் குமட்டல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேருக்கு நேர். அவரும் “ம், சொல்லுங்க” என்று திரும்பிப் பார்ப்பார். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அது யாருடையது என்று அவருக்கே சமயங்களில் சந்தேகம் வரும்.

சாஃப்ட்வேர் கருவிகளை மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிற அலுவலகம் அது. புரோகிராமர்கள் எல்லாவற்றையும் தாங்களே உட்கார்ந்து எழுதுவதில்லை. தேதி கணக்கிட ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று என்று அடுத்தவர் எழுதிய கருவிகளை வாங்கித் தங்கள் வேலைக்குள் பொருத்திக்கொள்வார்கள். அந்தக் கருவியிடம் வேலை வாங்க அதற்கென்று சில கட்டளைகள் உண்டு. கட்டளையின் பெயர் புரிகிறதா, சொன்னதைச் செய்கிறதா, முடியாவிட்டால் முடியாது என்று வாயைத் திறந்து சொல்கிறதா என்றெல்லாம் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று இவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

மற்றவர்கள் இதை மூளையால் செய்தார்கள். குமட்டல்காரர் வயிற்றால் செய்தார்.

பெயர் கொஞ்சம் குழப்பினால் அவருக்கு ஏப்பம் வரும். ‘நிறத்தை அமை என்ற கட்டளை நிறத்தை அமைக்கும்’ என்று விளக்கம் எழுதியிருந்தால் விக்கல். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் கருவி என்றால் நாக்கடியில் உப்புநீர் ஊறும். அதற்கு மேல் என்றால் வாளி. நீல நிறப் பிளாஸ்டிக் வாளி, அறுந்த கைப்பிடிக்குக் கம்பி கட்டியது, அவர் நாற்காலிக்கு வலப்பக்கம் எப்போதும் இருக்கும். தீர்ப்பில் ‘வாளி’ என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அந்தக் கருவியை யாரும் தொடமாட்டார்கள். விற்க வந்த ஒருவர் கெஞ்சியிருக்கிறார்: “சார், கால் வாளிதான் சார் வந்துச்சு. நீங்க அரைன்னு போட்டுட்டீங்க.”

ஒரு முறை ஒரு கருவி உறையில் மூடி முத்திரை வைத்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோதே மேலே இவருக்கு நெஞ்சைப் புரட்டிக்கொண்டு வந்தது. பிரித்துப் பார்த்தால், ‘அழி’ என்று ஒரு கட்டளை. எதை அழிப்பது என்று சொல்ல மறந்தால் இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிடும். வாளியைக் கழுவும் அம்மாள் அன்றைக்கு மட்டும் எதிர்ப்பாக லீவு போட்டார்.

அந்த அம்மாள் தினமும் காலையில் கேட்பார்: “இன்னிக்கு எப்படிண்ணே, டெட்டாலா, வெறும் தண்ணியா?”

“பாப்போம்மா. இன்னும் படிக்கவே ஆரம்பிக்கல.”

“படிக்காமயே இருந்தா நமக்கு நல்லது.”

தீர்ப்பில் ஓரவஞ்சனை வந்துவிடக்கூடாது என்பதற்காக அங்கே ஒரு முறை இருந்தது. வருகிற கருவியை மேலாளர் அம்மா முதலில் மொட்டையடித்துவிடுவார். எழுதியவர் பெயர், கம்பெனிப் பெயர், படம், நிறம் எல்லாம் வழித்தெடுக்கப்படும். போட்டிக்கு வந்த இரண்டில் ஒன்றை ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் மற்றதைச் சுவர்ப் பக்கத்திலும் போடுவார். எது யாருடையது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலை வந்தது. நோயாளிகளுக்கு மருந்து நேரத்தை நினைவூட்டும் செய்தி அனுப்ப ஒரு கருவி வேண்டும். போட்டியில் இரண்டு. ஒன்று ஊரில் பாதிப்பேர் வைத்திருக்கும் பழைய கருவி. இன்னொன்றை எழுதியவன் குமட்டல்காரரின் வீட்டு ஹாலில் படுத்திருந்தான்.

அவர் மனைவியின் தம்பி. ‘ஒரு வாரம் தங்கிட்டுப் போறேன் அத்தான்’ என்று வந்தவன். அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு காலண்டர்கள் மாறிவிட்டன.

மைத்துனன் கெட்டவன் இல்லை. அதுதான் சங்கடமே, கெட்டவனாக இருந்தால் வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். குளித்த ஈரத்துண்டை அவருடைய தலையணை மேல் காயப்போடுவான். பல் குத்தி எடுத்ததை டீப்பாயின் விளிம்பில் ஒட்டி வைப்பான். கால் நகத்தைத் தரையில் போட்டால் அக்கா திட்டுவாள் என்று டம்ளரில் சேர்ப்பான். அந்த டம்ளர் எப்படியோ அலமாரிக்குத் திரும்பிவிடும். அவனுடைய காலுறையைக் கழற்றிப் போட்டால் விழாது, நிற்கும். ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் அது ஹாலின் குறுக்கே நடந்துபோய் ஷூ ஸ்டாண்டில் தானே ஏறிக்கொண்டதை அவன் அக்காளும் பார்த்திருக்கிறாள். தம்பி என்பதால் வெளியே சொல்வதில்லை. எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் மூடமாட்டான். சோபாவில் அவன் படுத்த பள்ளத்தில் ஏதோ ஒரு ஈரம் நிரந்தரமாகக் குடியிருந்தது. அது என்னவென்று பார்க்கக் குமட்டல்காரர் ஒரு முறை குனிந்தார். மறுமுறை குனியவில்லை.

சாப்பிடும்போது மைத்துனன் சொன்னான்: “அத்தான், என் கருவி உங்க ஆபீஸுக்குத்தான் வருதாம்.”

“என்கிட்ட சொல்லக்கூடாதுடா அதை.”

“சரி, சொல்லல.” குழம்புக் கரண்டியை நக்கிவிட்டுக் குழம்புக்குள்ளேயே வைத்தான்.

அவன் கை கழுவப் போனதும் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “என்னங்க, பாஸானா ஆஸ்பத்திரியிலயே அவனுக்கு வேலையாம். குவார்ட்டர்ஸும் தர்றாங்களாம். நமக்கு ஹால் திரும்பக் கிடைக்கும்.”

“இல்லேன்னா?”

“இன்னொண்ணு எழுதுவான்.”

“எங்க உக்காந்து?”

அவள் திரும்பிச் சோபாவைப் பார்த்தாள்.

“தள்ளிவிடச் சொல்லல. உங்களுக்குக் குமட்டுச்சுன்னா கொஞ்சம் அடக்கிக்குங்கன்னுதான் சொல்றேன். கல்யாண வீட்ல பிடிக்காததைச் சாப்பிட்டா அடக்கிக்கறீங்கள்ல.”

மறுநாள் அவர் மேலாளரிடம் போய், “மேடம், இதுல என் மச்சான் இருக்கான். வேற யாரையாவது வெச்சுப் பாருங்க” என்றார்.

“வேற யாருக்கு சார் இப்படி வயிறு இருக்கு? உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கு நாளாக நாளாக எல்லாமே பிடிச்சுப்போச்சு. அவரை அனுப்பறதுக்குள்ள நாங்க பட்டபாடு. அதான் மொட்டையடிச்சு வைக்கிறோமே. எது யாருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உக்காருங்க.”

உட்கார்ந்தார். முதலில் ஜன்னல் பக்கம்.

ஒரு நோயாளிக்கு ஒரு மாத்திரையை நினைவூட்ட அந்தக் கருவிக்கு ஏழு ‘ஆம் இல்லை’களை வரிசையாகச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த ‘ஆம்’ எதற்கு என்று வரிசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. உப்புநீர் ஊறியது. மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. வருடத்தின் கடைசி மாதத்தைப் பதினொன்று என்றது. வாளியைக் காலால் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, செய்தி அனுப்பத் தொடர்பு ஒன்றைத் திறந்த கருவி, வேலை முடிந்தும் அதை மூடாமல் அப்படியே விட்டுவிட்டதைக் கண்டார். மூட வேண்டியது நம் பொறுப்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

திறந்து கிடந்த ஊறுகாய் பாட்டில் கண்முன் வந்தது. அதன் பின்னால் ஈரத்துண்டு, டீப்பாய் விளிம்பு, டம்ளர். இவன்தான். திரை முழுவதும் காலுறை வாடை. அடுத்த வரியைப் படிக்குமுன் வாளி நிறைந்தது. அம்மாள் கதவருகில் வந்து பார்த்து, “டெட்டால்தான்” என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் போனார்.

வாயைக் கொப்புளித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். நோயாளி யார், மருந்து எது, நேரம் என்ன; மூன்றே கேள்வி, மூன்றுக்கும் பச்சைக் குழந்தைக்கும் புரிகிற பெயர். ஒரு ஏப்பம் வந்தது, அதுவும் பாதி. அதில் ஏலக்காய் மணம் இருந்ததாக அவர் பிறகு சொன்னார்.

‘ஜன்னல்: முழு வாளி. சுவர்: அரை ஏப்பம்’ என்று எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனவருக்குக் கை நின்றது. அவருக்குச் சுத்தமாக இருப்பதில் ஒரு வெறி உண்டு, தீர்ப்பிலும்தான். தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

“மேடம், ஜன்னல் பக்கம் என் மச்சானோடதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். திறந்ததை மூடாம விட்டதைப் பாத்த நிமிஷமே அவன் மூஞ்சி தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் கருவிக்கு வந்ததா, அவனுக்கு வந்ததான்னு எனக்கே தெரியல. இந்தத் தீர்ப்பு செல்லாது.”

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். “சார், ஜன்னல் பக்கம் இருந்தது பழைய கருவி.”

“எந்தப் பழைய கருவி?”

“ஊர்ல பாதிப்பேர் வெச்சிருக்கறது. உங்க மச்சானோடது சுவர்ப் பக்கம். அரை ஏப்பம்.”

குமட்டல்காரர் தாளில் ‘அரை ஏப்பம்’ என்ற இடத்தை மறுபடி படித்தார். ஹால் அவர் மனதில் விரிந்தது. சோபா இல்லாத ஹால். கழுவித் துடைத்த டீப்பாய்.

“அப்போ கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார் மேலாளர். “முதல்ல வந்ததுதான் தீர்ப்பு. எனக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க போன் பண்ணிட்டே இருக்காங்க.”

“ஒரே ஒரு தடவை சுவர்ப் பக்கம் மறுபடி பாத்துட்டு வந்து போடறேன்.”

அரை ஏப்பம் மறுபடி வரும், நிம்மதியாகப் போட்டுவிடலாம் என்றுதான் போனார். அதே கட்டளைகள், அதே மூன்று கேள்விகள், ஒரு எழுத்து மாறவில்லை. ‘நோயாளி’ என்ற சொல்லைப் பார்த்தார். அவன் விரல் தட்டிய சொல். பல் குத்திய அதே விரல். சொல்லின் ஓரத்தில் ஏதோ ஒட்டியிருப்பதாகத் தோன்றியது. ‘நேரம்’ வரைக்கும் போக முடியவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த வாளியை நிமிர்த்தவும் நேரம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு அவருக்கு வந்த அருவருப்பு வேறு மாதிரி. கருவியின் மேல் இல்லை. இத்தனை காலம் இந்த வயிறு ஒரு கட்டளையைக்கூடப் படித்ததில்லை. ஆளைத்தான் மோந்து பார்த்திருக்கிறது. லிஃப்டுக்குக் காத்திருந்தவர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திப் பிரித்துப் பார்க்கிற பழக்கமுள்ளவர் என்பது இப்போது ஞாபகம் வந்தது. தன் வயிற்றின் மேல் கை வைத்திருந்தவர், தெரியாத ஆளைத் தொட்டுவிட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

“கையெழுத்து?” என்றார் மேலாளர்.

“மாட்டேன் மேடம்.”

“போட்டா உங்க மச்சானுக்கு வேலை கிடைக்கும். உங்களுக்கென்ன கஷ்டம்?”

“எனக்கு ஹாலே கிடைக்கும். அதனாலதான் மாட்டேங்கறேன். முதல் தீர்ப்பு நியாயத்துல வந்ததில்ல. அருவருப்புல வந்தது, அதுவும் ஆள் மாறிப்போன அருவருப்பு. மாத்திரை சாப்பிடறவங்க கதை இது.”

“பின்ன எப்படித்தான் பாக்கறது?”

“ரெண்டையும் பாத்தே இராத ஆளுங்களை உக்கார வைங்க. அந்த ஆஸ்பத்திரி புரோகிராமர்களே போதும். ரெண்டு கருவிக்கும் ஒரே வேலையைக் கொடுங்க. பின்னாடி நின்னு எங்க தடுக்கி விழறாங்கன்னு மட்டும் பாருங்க. வாயத் திறக்காதீங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி சிரிக்கவும் வேணாம்.”

அப்படியே செய்தார்கள். குமட்டல்காரர் வாளியில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

பழைய கருவியோடு உட்கார்ந்தவர்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். ஏழு ‘ஆம் இல்லை’யில் தடுமாறினார்கள், மாதத்தை எல்லோரும் ஒரு முறையாவது தப்பாகப் போட்டார்கள். “இதை எழுதினவன் கையில கெடைச்சான்னா” என்றார் ஒருவர், மீதியைச் சொல்லாமல். ஆனால் தப்பாகப் போட்ட ஒவ்வொரு தடவையும் அது கத்தியது. எந்த வரியில் தப்பு, எந்த நோயாளிக்குச் செய்தி போகவில்லை என்று சந்தைக்கடையில் கூவுவதுபோலக் கூவியது. முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்கள். கடைசியில் எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

மைத்துனனின் கருவியோடு உட்கார்ந்தவர்கள் சிரித்த முகமாக இருந்தார்கள். “அருமையா இருக்கே” என்றுகூட ஒரு பெண் சொன்னாள். சீக்கிரமே முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அனுப்பிய செய்திகளில் பாதி போகவே இல்லை. சோதனைக்காக இரண்டு கருவிகளுக்குமே பாதி வேலையில் தொடர்பைத் துண்டித்திருந்தார்கள். கருவி அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பாலை யார் குடித்தது என்று கேட்டால் மைத்துனன் சுவரைப் பார்ப்பானே, அதே மௌனம்.

வேலை பழைய கருவிக்குப் போயிற்று. இந்தத் தடவை தீர்ப்பில் வாளியும் இல்லை, ஏப்பமும் இல்லை. பழையதில் எதைத் திருத்த வேண்டும், புதியதில் எதைச் சேர்த்தால் அது பழையதைத் தோற்கடிக்கும் என்று நேராக எழுதியிருந்தார். இரண்டாவதை எழுதும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த அளவு ஓரவஞ்சனை மனித சுபாவம்.

வீட்டில் மனைவி மூன்று வேளையும் சமைத்தாள், ஒரு வேளையும் பேசவில்லை. மைத்துனன் பேசினான்.

“அத்தான், முதல் தடவை என் கருவிக்கு உங்க வயிறு அரை ஏப்பம்தானே விட்டுச்சு?”

“அதை உனக்கு யார்டா சொன்னது?”

“வாளி கழுவற அம்மா. அதுதான் உங்க நிஜத் தீர்ப்பு. என்னோடதுன்னு தெரியறதுக்கு முன்னாடி வந்தது. அப்புறம் வந்ததெல்லாம் குடும்பப் பிரச்சினை.”

“டேய், மருந்து போகலடா. பாதிப்பேருக்கு மருந்துச் செய்தி போகல. போகலைன்னு உன் கருவி ஒரு வார்த்தை சொல்லுச்சா?”

மைத்துனன் சுவரைப் பார்த்தான். பிறகு, “அதை அப்புறம் சேத்துக்கலாம்” என்றான். “வயிறு சொன்னா சொன்னதுதான்னு உங்க ஆபீஸ் இத்தனை வருஷமா எல்லாரையும் நம்ப வெச்சிருக்கு. எனக்கு மட்டும் வேற சட்டமா? நான் மேலிடத்துக்குப் புகார் எழுதப்போறேன்.”

எழுதினான். ‘அவன் எழுதியதிலேயே பாதியில் நிற்காமல் முடிந்தது அது ஒன்றுதான்’ என்று அவன் அக்காளே பிறகு சொன்னாள். அலுவலகத்துக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. வயிறு தப்பு என்றால் இதுவரை கொடுத்த வாளித் தீர்ப்புகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வயிறு சரி என்றால் மைத்துனனுக்குத்தான் வேலை. மேலாளர் யோசித்துவிட்டு, “சார், இங்க இருக்கற கருவி ஒவ்வொண்ணையும் வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை பண்றோம். சுவர்க் கடிகாரத்தைக்கூட. உங்க வயித்தை மட்டும் யாரும் பாத்ததே இல்ல. டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க. வயிறு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அவர் எழுதிக் கொடுத்தா முதல் தீர்ப்பு நிக்கும், உங்க மச்சான் குவார்ட்டர்ஸுக்குப் போகலாம். இல்லேன்னா இல்ல” என்றார்.

குமட்டல்காரர் கிளம்பியபோது மனைவி நீண்ட மௌனத்தைக் கலைத்து, “டாக்டர் கேட்டா எல்லாம் நல்லா செரிக்குதுன்னு சொல்லுங்க” என்றாள். மைத்துனன் அவருக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தான், இடதை வலப்பக்கமாக.

காத்திருக்கும் அறையில் அவருக்கு இரண்டு மனம். வயிறு சரி என்று வந்தால் ஹால் கிடைக்கும். ஆனால் யாரோ ஒரு நோயாளி வராத செய்திக்காகக் காத்திருப்பார். தப்பு என்று வந்தால் நியாயம் நிற்கும். ஆனால் சோபாவின் ஈரமும் நிற்கும். உள்ளே கூப்பிட்டார்கள். படுக்க வைத்து, குளிர்ந்த களிம்பு தடவி, படம் எடுத்தார்கள். டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி அவற்றையும் பார்த்தார். பிறகு சான்றிதழில் ஒரே வரி எழுதினார்.

‘இவருக்கு இரைப்பை கிடையாது.’ பழைய குறிப்புகளின்படி, அவர் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருடமே அறுவை சிகிச்சை செய்து அதை முழுவதுமாக அகற்றிவிட்டார்கள்.